ஒருவேளை அத்தை

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்து சேராமல் போனால் மணவறையில் யாரை உட்காரவைப்பது என்று முன்கூட்டியே யோசித்தவள், எனக்குத் தெரிந்து, அவள் ஒருத்திதான்.

யோசித்ததோடு நிற்கவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றிய மறுநாளே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அப்பாவிடம் கேட்டுவிட்டாள்.

“எல்லாம் நல்லபடியா நடக்கும் ஐயா. நான் அதுக்குச் சொல்லல. ஒருவேளை அன்னிக்குன்னு பாத்து ஆறு பெருகி மாப்பிள்ள வர முடியலேன்னு வைங்க. அப்ப யாரு?”

வெற்றிலை மென்றுகொண்டிருந்த அப்பாவின் வாய் அப்படியே நின்றது. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “நல்ல வார்த்தையே ஒன் வாயில வராதா?” என்று கேட்டவள், பிறகு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்பா மட்டும் அந்த வாரம் முழுவதும் எதற்கென்று சொல்லாமல் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளையான அப்பா அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டிருப்பார். என் காதில் விழுந்ததெல்லாம் பட்டப்பெயர்தான். பெரியவர்களுக்கு அவள் ‘ஒருவேளை’. எங்களைப் போன்ற இளசுகளுக்கு ‘ஒருவேளை அத்தை’. நேரிலேயே அப்படிக் கூப்பிடலாம். “என்ன புள்ள?” என்று முகம் மலர்ந்து திரும்புவாள்.

பசறையிலிருந்து மேலே ஏறும் வண்டிப்பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் அவ்வளவு தூரமும் போகும். அத்தையின் புருஷன் அந்த வண்டிக்காரர்களில் ஒருவர். நெட்டையான மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்து அத்தையே பேசிவிடுவதால் அவர் வாயைத் திறப்பது மாடுகளிடம் மட்டுந்தான் என்று சொல்வார்கள். அத்தை குள்ளம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் மலை ஏறினால் கூடை தனியாக நடந்து போவது போலத் தெரியும்.

அவள் எப்போதும் பயந்துகொண்டே இருப்பவள் என்று நினைத்துவிடக் கூடாது. அதுதான் அவளிடம் வேடிக்கை. வரக்கூடிய கேடுகளைப் பற்றி அவள் பேசும்போது, ஊர்த் திருவிழாவுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று பேசுகிறவளைப் போலக் கண்கள் பளபளக்கும். ஒரு வருஷம் விடிகாலை வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்தது. தோட்டமே கலங்கியது. சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள், ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று புலம்பியவர்கள், வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடந்தவர்கள் என்று பலரும் பலவிதம். அத்தை ஒவ்வொரு வீடாகப் போய்த் தண்ணீர்ப் பானைகளை மூடிவைக்கச் சொன்னாள். வானத்திலிருந்து தூசி கொட்டினாலும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்பது அவள் கணக்கு. நட்சத்திரம் அதன்பாட்டுக்கு வந்தது, போனது. “என்ன ஒருவேளை, தூசியக் காணோமே?” என்று கேலி செய்தார்கள்.

“கொட்டலேல்ல? நல்லதாப் போச்சு. தண்ணியக் குடிங்க” என்றாள்.

சொன்னது நடக்கவில்லையென்றால் அவளைப் போலச் சந்தோஷப்பட்ட ஆளை நான் கண்டதில்லை.

பசறைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளி துணிக்கடை வைத்திருந்தார். தோட்டத்துச் சனம் தீபாவளிக்கு அவரிடந்தான் துணி எடுக்கும். ஒருநாள் அவர் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அத்தை கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மொதலாளி, ஒருவேளை இந்தக் கடையில தீப்புடிச்சா எந்தப் பக்கமா ஓடுவீங்க?” என்று கேட்டாள். பின்பக்கக் கதவுக்கு முன்னால் உத்தரம் தொடத் துணிமூட்டைகள் அடுக்கியிருந்தன. முதலாளி மூட்டைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஏம்மா, யாவாரம் நடக்குற நேரத்துல கேக்குற கேள்வியா இது?” என்றார். அடுத்த முறை நாங்கள் போனபோது பின்கதவு திறந்து காற்று வந்துகொண்டிருந்தது. கதவோரம் மணல் நிரப்பிய வாளிகள். அத்தைக்கு அவர் பழைய மெழுகுத்துணி ஒன்றைச் சும்மா கொடுத்தார். “மழைக்கு ஆகும். ஒனக்குத்தான் இதெல்லாம் புடிக்குமே” என்றார்.

அந்த மெழுகுத்துணியும் போய்ச் சேர்ந்த இடம் காப்பி ஸ்டோர்தான். காப்பிச் செடிகள் நோய் கண்டு செத்துத் தேயிலை வந்த பிறகு, பழைய காப்பி ஸ்டோர் சும்மா கிடந்தது. கல் சுவர், தகரக் கூரை, மேட்டில் கரும்பாறைமேல் கட்டியது. வௌவால்களுக்கு அடுத்தபடியாக அதை ஆண்டது அத்தை. லயங்கள், அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகள், பள்ளத்தில் ஒட்டி ஒட்டி இருந்தன. ஓர் அடுப்பில் பொறி பறந்தால் வரிசை முழுவதும் எரியும். அப்படி எரிந்தால் எல்லாரும் ஸ்டோருக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. அங்கே காய்ந்த விறகு அடுக்கி வைத்தாள். தோட்டத்தில் ஆட்களுக்கு அரிசி அளந்து போடும் நாளன்று வீட்டுக்கு ஒரு பிடி வாங்கிப் பானைகளில் கட்டிவைத்தாள். வண்டு விழுவதற்குள் அந்த அரிசியை எடுத்துக் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றிவிட்டுப் புது அரிசி போடுவாள்.

அந்தக் கஞ்சி நாளில்தான் ‘பழக்கம் பாக்குறது’ நடக்கும். லயத்திலிருந்து ஸ்டோருக்குக் கைப்பிள்ளைகளையும் நடக்க முடியாதவர்களையும் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்க்க வேண்டும். கஞ்சியோடு தேங்காய்ச் சம்பலும் உண்டு என்பதால் கூட்டம் தவறாமல் வரும். நடக்க முடியாதவர்களைத் தூக்க இரண்டு மூங்கில் கழிகளில் கம்பளியைக் கட்டித் தூளி மாதிரி ஒன்று செய்திருந்தாள். “கனமான ஆளு யாராச்சும் படுத்துப் பாருங்க” என்று அவள் கேட்டபோது, பெரிய கங்காணியே முன்வந்தார். தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தவர், தலைப்பாகையும் கோட்டும் போட்டவர், எதிலும் தான்தான் முதல் என்பவர். “என்னைத் தூக்க இவனுங்களால முடியுமா பாப்பம்” என்று படுத்தார்.

முடியவில்லை. பாதி ஏற்றத்தில் கழி முறிந்தது. கங்காணி கம்பளியோடு உருண்டு, தேயிலைச் செடிகளுக்கு இடையே மழைத்தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள் உட்கார்ந்த நிலையில் போய் நின்றார். தலைப்பாகை மட்டும் குலையவில்லை. யாரும் சிரிக்கத் துணியாத அந்த அமைதியில் அத்தை சொன்னாள்: “இப்பவே முறிஞ்சது நல்லதாப் போச்சு. வேற கழி வெட்டணும்.”

அதோடு பழக்கம் பார்ப்பதைக் கங்காணி தடுத்துவிட்டார். கஞ்சியைத் தடுக்க அவருக்கும் மனம் வரவில்லை.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்பதற்குத் தோட்டத்தில் பல கதைகள் உலவின. இந்தியாவிலிருந்து வரும் வழியில் கொள்ளை நோயில் குடும்பத்தையே பறிகொடுத்தாள் என்றார்கள். ஹப்புத்தளைப் பக்கம் மண்ணுக்கடியில் கிடந்து பிழைத்தவள் என்றும் சொன்னார்கள். கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்க வந்தபோது நான் நேரடியாகக் கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் நடக்கலையே புள்ள” என்றாள் ஆச்சரியத்தோடு. “எங்கப்பன் ஆத்தா ஊர்ல நல்லா இருக்காங்க. ஏன், நடந்தாத்தான் யோசிக்கணுமா?”

“எப்பப் பாத்தாலும் இதையே யோசிச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்காதா அத்த?”

உலக்கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “யோசிக்காம விட்டாத்தான் கஷ்டம். நான் யோசிச்சு ஒரு வழி பண்ணி வச்சுட்டுப் படுப்பேன். படுத்தா விடியிற வரைக்கும் அசைய மாட்டேன். வண்டிக்காரரக் கேட்டுப் பாரு, என் கொறட்டையில மாடு கட்ட அறுத்துக்கிட்டு ஓடுதாம்.”

ஐப்பசிக் கடைசியில் கல்யாணம். அதற்கு முந்தைய வாரம் பிடித்த மழை விடவே இல்லை. எங்கள் வீட்டுப் பக்கத்தில் சமையலுக்குப் போட்ட பந்தல் கிழிந்து தொங்கியது. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாக ஏற்பாடு. அன்று விடிந்ததுமே அத்தை தன் புருஷனை வண்டியோடு எதிர்கொண்டு அனுப்பிவிட்டாள். பிறகு நனைந்த தலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

“ஐயா, என் வீட்டுக் கதவு நேத்துச் சாத்துச்சு. இன்னிக்குச் சாத்த மாட்டேங்குது. பக்கத்து வீட்டுலயும் அப்படித்தான். பின்னால மேட்டுலேருந்து வர்ற தண்ணி செவப்பா வருது. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. கீழ் லயத்துச் சனம் அங்க இருக்க வேணாம்னு மட்டும் தோணுது.”

அப்பா அவளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெரிய கங்காணியிடம் சொன்னார். “கதவு வீங்குனா லயத்தக் காலி பண்றதா? தொர கேட்டா என்ன சொல்றது? நாளைக்கு அந்தப் பொம்பள சொன்னான்னு தோட்டத்தையே காலி பண்ணுவீங்களா?” என்றார் கங்காணி. கானுக்குள் உட்கார்ந்திருந்ததை அவர் மறக்கவில்லை.

அப்பாவும் தளர்ந்துவிட்டார். “சனமும் வராதும்மா. இந்த மழையில சட்டி பானையெல்லாம் போட்டுட்டு எவன் கௌம்புவான்?”

அத்தை கிழிந்த பந்தலையும், புகைந்து அணைந்துகொண்டிருந்த ஈர விறகையும், அம்மாவையும் பார்த்தாள்.

“மண்ணு சரியுதுன்னு சொன்னா வர மாட்டாங்க ஐயா. சோறு மேலேன்னு சொல்லுங்க. வருவாங்க.”

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. வௌவால் குடியிருக்கும் ஸ்டோரிலா மகள் கல்யாணச் சமையல்? ஆனால் பந்தலிலிருந்து தண்ணீர் நேராக அடுப்பில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“அங்க வெறகு காஞ்சு கெடக்கா?” என்று கேட்டாள்.

“கணகணன்னு எரியும்க்கா.”

அம்மா பருப்புப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முதல் ஆளாக நடந்தாள்.

அப்பா கொம்பு ஊதச் சொல்லிச் செய்தி பரப்பினார். கல்யாணச் சாப்பாடு இன்றைக்கே, காப்பி ஸ்டோரில், எல்லாருக்கும், குடும்பத்தோடு. மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சனம் மேடேறிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகள் வழுக்கி விழுந்து சிரித்தன. ஸ்டோருக்குள் தீ கணகணவென்று எரிந்தது. குழம்பு கொதிக்க ஆரம்பித்த பிறகு பெரிய கங்காணியும் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இலை போட்டார்கள்.

கீழ் லயத்தில் ஒரே ஒரு வீட்டார் மட்டும் வரவில்லை. அங்கே பிள்ளை பெற்று நாலைந்து நாள்கூட ஆகாத பெண் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் வாசலில் குறுக்கே நின்றுகொண்டான். “பச்ச ஒடம்பு. ஈரம் பட்டா ஜன்னி வந்துரும். சோத்த இங்க குடுத்தனுப்புங்க” என்றானாம்.

அத்தை அவனோடு வாதாடவில்லை. “ஈரமே படாமக் கொண்டு போனா சம்மதமா?” என்று கேட்டாள். அவன் யோசிப்பதற்குள் கம்பளித் தூளி வந்துவிட்டது. புதிதாக வெட்டிய கழிகள். தாயைப் படுக்கவைத்து மேலே மெழுகுத்துணியைப் போர்த்தினார்கள். குழந்தையைத் தன் கம்பளிக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அத்தை முன்னால் ஏறினாள். ஸ்டோருக்குள் வந்து போர்வையை விலக்கியபோது அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. இடி என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் இடி நின்றுவிடும். இது நிற்கவில்லை. பாறை மேலிருந்த கல் கட்டடத்தில் இலையில் இருந்த பாயசம் நடுங்கியது. ஆண்கள் வாசலுக்கு ஓடினார்கள். லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு, படுத்திருந்த மாடு எழுந்திருப்பதைப் போல மெல்ல அசைந்து, பிறகு ஒரே பாய்ச்சலாக இறங்கியது. கீழ் லயத்தில் பாதி இல்லை. கூரைத் தகரம் ஒன்று மட்டும் சேற்றில் செருகி நின்றது.

அத்தைதான் லயத்து வரிசைப்படி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிடக் கூட்டத்துக்குள்ளிருந்து “இருக்கோம்”, “இருக்கோம்” என்று பதில் வந்தது. பிள்ளை பெற்றவளின் புருஷன் “இருக்கோம்க்கா” என்று சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து அழுதான். கடைசி வீடு அவளுடையது. அதைக் கூப்பிடாமல் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரர யாராச்சும் பாத்தீங்களா?”

ஒருவரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரப் போனவர், வழியில் தண்ணீரைக் கண்டு திரும்பி வந்து வீட்டில் படுத்திருக்கலாம். அது அவர் வழக்கந்தான். ஆண்கள் கீழே இறங்கிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தது அம்மாதான். அன்று இரவு அத்தை குறட்டை விடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நானும் தூங்கவில்லை. எனக்கு விடிந்தால் கல்யாணம் என்பதே மறந்துபோயிருந்தது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. பாறையைச் சுற்றி ஏறிவரும் பாதையில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சேறு பூசிய ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு வாலிபர். அவர் தலைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்தபடி, நெட்டையாக ஒரு மனிதர்.

மழை விட்டதையே அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

அத்தை ஓடவில்லை. நடந்துதான் போனாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

“பாலம் போயிருச்சு” என்றார் அவர். “வண்டிய அங்கயே விட்டுட்டு மேல சுத்தி வந்தோம். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாமக் கூட்டியாரச் சொன்னியே.”

அத்தனை நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா அத்தையின் பக்கம் திரும்பி, “மாப்பிள்ள வந்துட்டாரும்மா. நீ வச்சிருந்த ஆள அனுப்பிரு” என்றாள். அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஸ்டோர் முழுக்க அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. வீட்டை இழந்தவர்களும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் என் மாப்பிள்ளையும் சிரித்தார். நான் அவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

தாலி கட்டியது காப்பி ஸ்டோரில். மணவறைக்கு அலங்காரம் இல்லை. தேயிலைக் கொத்துகளை ஒடித்துவந்து கட்டினார்கள். ஊருக்கென்று வைத்திருந்த கல்யாண அரிசி முந்தின நாளே முடிந்துவிட்டதால், அத்தையின் பிடியரிசிப் பானைகளை அவிழ்த்து வடித்தார்கள்.

அவள் வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. மற்றவர்களையெல்லாம் மேலே ஏற்றிய அவசரத்தில் தன் வீட்டுச் சாமான் எதையும் எடுக்கவில்லை. அது தெரிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு சட்டி, அகப்பை, கிண்ணம் என்று கொண்டுவந்து வைத்தார்கள். நான் என் சீரில் வந்த பித்தளைத் தவலையைக் கொடுத்தேன். மாமியார் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு செம்பை எடுத்து அதன்மேல் வைத்தார்.

இரண்டொரு நாளில் துரை குதிரையில் வந்து சரிவைப் பார்த்துவிட்டுப் போனார். ஓர் உயிரும் போகவில்லை என்று கேட்டு அவருக்கு ஆச்சரியம். ஆட்களை மேலே ஏற்றியது யார் என்று விசாரித்தாராம். பெரிய கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, “நான்தாங்க” என்றாராம். புது லயங்களை ஸ்டோர் மேட்டில் கட்டவும், மழைக்காலத்தில் கங்காணியின் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படவும் துரை உத்தரவு போட்டார். அப்பாவுக்குக் கோபம் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லப் புறப்பட்டவரை அத்தைதான் நிறுத்தினாள்.

“விடுங்க ஐயா. அவரு பண்ணுனதாவே இருக்கட்டும். இனிமே அவரு பண்ணாம இருக்க முடியாதுல்ல?”

மறு வருஷம் ஐப்பசியில் நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். புது லயத்தில் பாதிதான் கட்டி முடிந்திருந்தது. மீதிப் பேர் இன்னும் பள்ளத்தில்தான். ஒருநாள் காலையில் மேகம் கறுத்தது. மழைகூட இல்லை, தூறல். கொம்புச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தால் பெரிய கங்காணி, கோட்டு நனைய, தானே கொம்பை வாங்கி ஊதிக்கொண்டிருந்தார். “ஏறுங்க, எல்லாம் மேல ஏறுங்க. பிள்ளத்தாச்சிய மொதல்ல தூக்குங்க” என்று என்னைக் காட்டி அதட்டினார். கம்பளித் தூளி வந்தது. நான் நடந்தே வருகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவரே ஒரு கழியைப் பிடித்தார். இம்முறை கழி முறியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டோரில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சின்னப் பெண்கள் சம்பல் அரைத்தார்கள். யாரோ வீட்டு வரிசைப்படி கூப்பிட்டு ஆள் பார்த்தார்கள். அத்தை கடைசியாகத்தான் வந்தாள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்களாம். கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். அங்கே அவளுக்கு வேலை இருக்கவில்லை. விறகுப் பக்கம் போனாள். அங்கேயும் இல்லை.

“நீ உக்காரு அத்த” என்று ஒரு பெண் அவள் கையில் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

அவள் என் பக்கத்தில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். வெளியே தூறலும் நின்று வெயில் அடிக்க ஆரம்பித்திருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

“உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றாள் என் காதோரம். பிறகு கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, இன்னொரு தடவை ஊற்றச் சொல்லி நீட்டினாள்.